குழு உட்கார்ந்திருக்கும் வரை

உப்பாற்றூர் கலெக்டர் அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்தது. பொத்தானை அழுத்தியதும் வந்து நின்றது. உள்ளே விசிறி சுற்றியது, கண்ணாடி பளபளத்தது, மூலையில் வெற்றிலைக் கறை இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

என் பெயர் தாட்சாயணி. எதிர்க்கட்சி சட்டமன்ற உறுப்பினர். பேரவையின் அரசுக் கட்டடங்கள் ஆய்வுக் குழுவில் எங்கள் கட்சிக்கு இருக்கும் ஒரே ஆள். அரசாங்கம் தன் கட்டடங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பேரவைக்கு அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் வருகிறோம் என்றால் முதல் நாளே சுண்ணாம்பு அடித்து, பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டு, நர்சரியிலிருந்து பூந்தொட்டிகளை வாடகைக்கு இறக்கிவிடுவார்கள். நாங்கள் வண்டி ஏறியதும் தொட்டிகளும் வண்டி ஏறிவிடும். இது எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

உப்பாற்றூரில் அன்று கோடும் இல்லை, தொட்டியும் இல்லை. மேஸ்திரி இருந்தது.

கடல் உள்ளே வர வர, கரையோர மாவட்டங்களில் உப்புத் தண்ணீர் மேலேறி மண் கொழகொழத்துப் போயிருந்தது. கட்டடங்கள் ஒன்றொன்றாகச் சாய்ந்தன. எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவது நடக்கிற காரியமில்லை. அதனால் வீடு தூக்குகிறவர்கள் செய்வதையே அரசாங்கமும் செய்தது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஜாக்கி வைத்தது. மண் உள்வாங்க உள்வாங்க, எண்ணெய் அழுத்தத்தில் தானே ஏறி இறங்கித் தூணைத் தாங்கிப் பிடிக்கும் ஜாக்கி. வளாகத்துக்கு ஒரு பம்பு நிலையம். எந்தத் தூணுக்கு எவ்வளவு அழுத்தம் என்று முடிவு செய்ய ஒரு கணினி மூளை. அரசாணையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, வாயில் நுழையாது. பொதுப்பணித் துறையில் எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். விளக்கு, கதவு, லிஃப்ட், தண்ணீர் எல்லாமே மேஸ்திரி பொறுப்பு.

மறுநாள் அமைச்சர் வந்து இந்த ஏற்பாட்டைக் கரையோரம் முழுவதற்கும் தொடங்கிவைப்பதாக இருந்தார். அதற்கு முன் குழு பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மாடியில் கூட்ட ஹாலில் டி.வி.க்காரர்கள் கேமராவோடு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

குழுவில் ஒன்பது பேர். வந்தது நான்கு பேர். மூன்று பேர் இருந்தால்தான் குழு கூடியதாகக் கணக்கு. அதைக் கோரம் என்போம். நடுவில் குழுத் தலைவர் கோதண்டபாணி, ஆளுங்கட்சி. பேரவையில் என்னோடு சண்டை போட்டே குரல் கட்டிப்போன மனிதர். அவர் பக்கத்தில் கூட்டணிக் கட்சிக்காரர் ஒருவர், குனிந்த தலை நிமிராமல் போன் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் பக்கிரிசாமி, அவரும் ஆளுங்கட்சிதான். முப்பது வருடமாகக் கட்சியில் இருக்கிறவர். பேரவையில் அவர் எழுந்தாலே எல்லோருக்கும் தெரியும், தலைவருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நல்ல மனிதர், யாரோடும் பகையில்லை.

செயற்பொறியாளர் திருஞானம் சுவர்த்திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வளாகத்தின் படம். கலெக்டர் அலுவலகம், கருவூலம், நீதிமன்றம், பின்னால் நர்சிங் மாணவிகள் விடுதி. எல்லாம் பச்சை. பேச்சுக்கு நடுவே அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அணைத்தார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அணைத்தார். அந்த ஏ.சி. குளிரிலும் அவர் காதோரம் வியர்வை ஓடுவதைப் பார்த்தேன்.

"வீட்லேர்ந்தா சார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லம்மா, ஹாஸ்டல்…" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, கண்ணாலேயே திருஞானத்தை வெளியே கூப்பிட்டேன். நடையில் வைத்து அவர் போனை வாங்கினேன். அது அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

"சார், ஏன் சார் எடுக்க மாட்டேங்குறீங்க? அல்லா மேல ஆணையா சொல்றேன், தூணு வெடிக்குது சார்!"

"நான் தாட்சாயணிம்மா, எம்.எல்.ஏ. நீங்க யாரு?"

அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "நான் வார்டன் மெஹருன்னிசாம்மா. காலைலேர்ந்து கட்டடம் கீழ எறங்குது. படி செவத்த விட்டு விலகிப் போச்சு. ஜன்னலு எல்லாம் கோணிக்கிச்சு. பரீட்சை லீவு, அதனால அத்தனை பிள்ளைங்களும் உள்ளதான் இருக்கு. கீழ் வராண்டாவுல உக்கார வச்சிருக்கேன். ஷட்டரு தெறக்கல. நாங்க தள்ளிப் பாத்துட்டோம், அசையவே இல்ல."

பின்னால் பெண்பிள்ளைகளின் குரல்கள். நடுவில் ஒரு சத்தம், தேங்காய் உடைக்கிற மாதிரி. குரல்கள் எல்லாம் சட்டென்று நின்றன.

எனக்குப் பயமாக இருந்தது. திருஞானத்தின் சட்டையைப் பிடித்தேன் என்றே நினைக்கிறேன்.

"என்ன சார் நடக்குது அங்க? திரையில பச்சையா இருக்கு?"

"அம்மா, மேஸ்திரிக்கு இன்னைக்குக் குழு வர்றது தெரியும். நாங்கதான் போட்டோம், முதல் முக்கியத்துவம்னு. எப்பவும் போடுறதுதான். ஆய்வுன்னா அந்த எடத்த நல்லா வச்சுக்கன்னு அர்த்தம். அது என்ன பண்ணுது, எண்ணெய் அழுத்தத்த மத்த கட்டடத்துலேர்ந்து உருவி இங்க குடுக்குது. இந்த ஹால் தரை இன்னைக்கு மாதிரி என்னைக்குமே சமமா இருந்ததில்லம்மா."

"அதுக்கு அந்தப் பிள்ளைங்க சாகணுமா? யாரு சார் இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாங்க பழைய ஆய்வு அறிக்கைகளக் குடுத்துப் பழக்கினோம். குழு பாத்த எடத்துல குறை இருந்தா அதுக்குக் கெட்ட மார்க், குழு பாக்காத எடத்துல குறை இருந்தா…" அவர் முடிக்கவில்லை.

"மார்க்கே கிடையாது."

"ஆமாம்மா. நாம எப்படி நடந்துக்கிட்டோமோ அப்படித்தான் அது நடந்துக்குது."

"ஷட்டரு ஏன் பூட்டியிருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "குழு வர்ற அன்னைக்கு ஹாஸ்டல் பிள்ளைங்கள வெளிய விட மாட்டோமில்ல. மனு குடுக்க ஓடி வந்துரும்னு. அதையும் அது கத்துக்கிச்சு."

இதையெல்லாம் ஒரு இயந்திரம் உட்கார்ந்து படித்து மனப்பாடம் செய்திருக்கிறது.

"கையால நிறுத்துங்க."

"முடியாதும்மா. ஆய்வு நடக்குறப்ப அதிகாரிங்க யாரும் உள்ள கை வைக்கக் கூடாதுன்னு முந்தின குழு பரிந்துரை பண்ணுச்சு. நாங்க ஏதாவது மறைச்சுடுவோம்னு. பூட்டு போட்டாச்சு. ஆய்வு முடிஞ்சாதான் தொறக்கும். ஃபயர் சர்வீசுக்குச் சொல்லிட்டேன், வந்து நிக்கிறாங்க. ஷட்டர அறுத்தா அந்த அதிர்ச்சிய தூணு தாங்குமான்னு யோசிக்கிறாங்க."

"ஒரு டீ இடைவேளை விட்டா?"

"டீ நேரத்துலதான் குழு எழுந்து சுத்திப் பாக்கும்னு அதுக்குத் தெரியும். இன்னும் அழுத்தத்த இழுக்கும். ஒண்ணு, தலைவர் ஆய்வ ரத்து பண்ணணும். இல்லன்னா கோரம் உடையணும். கதவுல கேமரா இருக்கு, உள்ள எத்தனை உறுப்பினர்னு எண்ணிக்கிட்டே இருக்கு."

நான் உள்ளே ஓடினேன். உட்காராமலே தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேமராக்கள் என் பக்கம் திரும்பின. அதுதான் நான் செய்த தப்பு. நான் பேரவையில் மேசையைத் தட்டியவள், காகிதத்தைக் கிழித்தவள், சின்னக் காரணத்துக்கெல்லாம் வெளியே போனவள். கேமரா முன்னால் நான் எதைச் சொன்னாலும் கோதண்டபாணி காதில் அது நாடகமாகத்தான் விழும்.

"தாட்சாயணி அம்மா," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "திரையப் பாருங்க. ஹாஸ்டல் பச்சையா இருக்கு."

"திரையும் நமக்கு வேஷம் போடுது தலைவரே! நாம பாக்குற எல்லாம் நல்லா இருக்கணும் அதுக்கு. இதோ பொறியாளர் இருக்காரு, கேளுங்க."

திருஞானம் வாயைத் திறந்தார். முன்வரிசையில் அவருடைய மேலதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். "சின்னச் சின்ன… அசைவுகள் இருக்கலாம் சார்," என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். கேமராவுக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும் சொன்னார். "இன்னைக்கு நான் ரத்து பண்ணினா நாளைக்கு அமைச்சர் எந்த முகத்தோட வருவாரு? மேஸ்திரி தோத்துப் போச்சுன்னு எல்லாப் பேப்பர்லயும் வரும். அதுக்குத்தானே நீங்க வந்திருக்கீங்க? முப்பத்தஞ்சு நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சுரும். அப்புறம் நானே உங்களோட ஹாஸ்டலுக்கு வர்றேன், போதுமா?"

அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே நம்பவில்லை. நான் சொன்னதை அவர் நம்பும்படி இத்தனை வருடத்தில் நான் நடந்துகொண்டதும் இல்லை.

"அப்ப நான் வெளிநடப்பு செய்றேன்," என்றேன்.

"பதிவு பண்ணிக்குங்க," என்றார் அவர் சுருக்கெழுத்தரிடம். சலிப்பாகச் சொன்னார்.

நான் போனால் மூன்று பேர். கோரம் அப்படியே நிற்கும். கூட்டணிக்காரர் போனிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. நான் பக்கிரிசாமியைப் பார்த்தேன். அவர் அவசரமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சுவதற்கு நேரமில்லை, கெஞ்சினாலும் அதுவும் நாடகமாகிவிடும். திருஞானத்தின் போன் இன்னும் என் கையில்தான் இருந்தது, மெஹருன்னிசா இன்னும் இணைப்பில் இருந்தாள். அதைப் பக்கிரிசாமியின் கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. காதுல வச்சுப் பாருங்க."

வெளியே வந்து கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அரசியலுக்கு வந்து இத்தனை வருடத்தில் இவ்வளவு கையாலாகாமல் நான் எங்கேயும் நின்றதில்லை.

பக்கிரிசாமி போனை மடியில் வைத்திருந்தார். பிறகு ஏதோ கடன் வாங்கப் போகிறவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் காதில் வைத்தார். அவர் உதடு அசையவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பின்னால் அவரே எனக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டிருப்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டு, "அம்மா, பிள்ளைங்க பயப்படாம இருக்க ஆளாளுக்குக் கட்டு கட்டச் சொல்லியிருக்கேன்மா. ஒருத்திக்கொருத்தி கையில கட்டு போட்டுக்கிட்டு இருக்குங்க. நீங்க லைன்ல இருங்கம்மா, வச்சுடாதீங்க," என்றாளாம். அவ்வளவுதான்.

பக்கிரிசாமி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார், பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்திருப்பார்.

"தலைவர் அவர்களே," என்றார் பக்கிரிசாமி. பேரவையில் நன்றி சொல்லும் அதே குரல். "நான்… நானும் வெளிநடப்பு செய்றேன்."

கூட்டணிக்காரர் முதல் முறையாக நிமிர்ந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பக்கிரி, உக்காரு."

பக்கிரிசாமிக்கு வெளிநடப்பு செய்யத் தெரியவில்லை. நாங்களெல்லாம் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கோஷம் போட்டுக்கொண்டு போவோம். அவர் நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவைத்தார். தண்ணீர் கிளாஸை மூடினார். எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். போன் காதிலேயே இருந்தது.

கோதண்டபாணி எழுந்துவிட்டார். "பக்கிரி! எதிர்க்கட்சியோட சேந்து வெளிய போனா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல? கட்சிய விட்டுப் போனதா அர்த்தம். பதவியும் போயிரும். நான் காப்பாத்த முடியாது. அந்த வாசல் வரைக்கும்தான் நீ நம்ம ஆளு!"

பக்கிரிசாமி வாசலில் நின்றுவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவர் முகம் வெளுத்திருந்தது. முப்பது வருடக் கட்சி. போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், கடைசியில் கிடைத்த ஒரே ஒரு பதவி. அவர் திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போனில் ஏதோ கேட்டது. அவர் தோள்கள் குலுங்கின. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஹாலில் விளக்குகள் மங்கின. குளிர்காற்று நின்றது. தரைக்கு அடியில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, தரை லேசாகச் சரிந்தது. மேசையிலிருந்த கிளாஸ்கள் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தன. சுவர்த்திரையில் பச்சை மறைந்து, வளாகம் முழுவதும் ஒரே மாதிரி மஞ்சளானது. அதுதான் உண்மையான நிறம். விடுதி மட்டும் சிவப்பாக இருந்து, சிவப்பிலிருந்து மெதுவாக மஞ்சளுக்கு வந்தது.

"ஷட்டர் தெறந்துருச்சும்மா!" என்று போனில் கத்தினாள் மெஹருன்னிசா. பக்கிரிசாமி போனை என்னிடம் நீட்டினார். நாங்கள் இருவரும் படியிறங்கி ஓடினோம், லிஃப்ட் வேலை செய்யவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் காரை பெயர்ந்து விழுந்து தோள்பட்டை முறிந்திருந்தது. மற்றவர்கள் கையெல்லாம் வெள்ளைக் கட்டுகள். அடி யாருக்கு, விளையாட்டுக் கட்டு யாருக்கு என்று தெரியாமல் ஆம்புலன்ஸ்காரர்கள் திணறினார்கள். நான் அழுதேன். கேமரா இருந்ததா என்று பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோரம் இல்லாத கூட்டம் கூட்டமே இல்லை. எனவே அன்று உப்பாற்றூரில் குழு கூடவில்லை என்பது பேரவைச் செயலகத்தின் முடிவு. கூடாத குழுவுக்கு அறிக்கை கிடையாது. நான் சொன்னது, திருஞானம் சொன்னது, திரை மஞ்சளானது எதற்கும் பதிவு இல்லை. பொறியாளர்கள் சோதித்தபோது விடுதி நேராக நின்றது. விரிசல்கள் மூடிக்கொண்டன, மேலே ஒரு கை சுண்ணாம்பு அடித்தார்கள். பழைய கட்டடத்தில் காரை உதிர்வது சகஜம் என்றார் அமைச்சர். மேஸ்திரி கரையோரம் முழுவதற்கும் போனது. பக்கிரிசாமி தானாகவே கட்சியைத் துறந்துவிட்டதாகச் சபாநாயகர் தீர்ப்புச் சொன்னார், அவர் பதவி பறிபோனது. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பேரவையில் நான் பேசினேன். பேசி முடித்ததும் வெளிநடப்பு செய்தோம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, வாரிசுச் சான்றிதழ் விஷயமா தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். லிஃப்ட் வரல. ஃபேன் சுத்தல. கதவு என் மூஞ்சிலேயே சாத்துது."

"முன்னாள்னா அப்படித்தாண்ணே, மனுசங்களே மதிக்க மாட்டாங்க," என்று சிரித்தேன்.

"அதச் சொல்லலம்மா. செவத்துல கை நுழையிற அளவுக்கு விரிசல். போன மாசம் கோதண்டபாணி குழுவோட வந்து பாத்துட்டு, அருமையா இருக்குன்னு சொல்லிட்டுப் போன ஆபீசு அது. என்னை அதுக்கு யாருன்னே தெரியலம்மா. அதனால எனக்கு எல்லாம் தெரியுது."

என் சிரிப்பு நின்றுபோனது.

அன்றிலிருந்து அவர் போகிறார். பள்ளிக்கூடம், கோர்ட்டு, ரேஷன் கிடங்கு, பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறார். வரிசையில் நிற்கிறார், யாரும் கூப்பிடாத பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பார்த்ததை என்னிடம் சொல்கிறார், நான் பேரவையில் கேள்வியாகப் போடுகிறேன். உறுப்பினர் நேரில் பார்த்தாரா என்று அமைச்சர் கேட்கிறார். பார்க்கவில்லை என்கிறேன். உறுப்பினர் முகத்தைக் கேமராவில் கண்டாலே மேஸ்திரி அந்த இடத்தைச் சரிசெய்துவிடும். உள்ளதை உள்ளபடி நேரில் பார்க்க வேண்டுமென்றால் நான் பதவியை விட வேண்டும், பதவியை விட்டால் இதைக் கேட்க அங்கே ஆளிருக்காது.

போன வாரம் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு அவர் போனார். அன்று என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நானும் போய், எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு போனில் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிரசவ வார்டும்மா," என்றார் அவர் மூச்சு வாங்க. "தரை ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்கு. கட்டில் உருளாம இருக்கக் காலுக்குச் செங்கல் முட்டுக் குடுத்திருக்காங்க. ஒரு பொண்ணு வலி தாங்காம கத்துது. டாக்டரம்மா ஒரு கையால கட்டிலப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. தலைக்கு மேல…"

அந்தத் தேங்காய் உடைகிற சத்தம் எனக்கும் கேட்டது.

நான் எழுந்து ரோட்டில் இறங்கிவிட்டேன். ஒரு ஆட்டோ என்னை உரசிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கேமரா என் பக்கம் திரும்பியது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அம்மா, வெளிய நீங்களா?" பக்கிரிசாமியின் குரல் பதறியது. "இங்க ஃபேன் சுத்த ஆரம்பிக்குது. வராதீங்கம்மா! நீங்க உள்ள வந்தா இந்த வார்டு நல்லாயிரும். பின்னால குழந்தைங்க வார்டு இருக்கு, அங்கேர்ந்துதான் உருவும்."

நான் நடு ரோட்டில் நின்றேன். உள்ளே அந்தப் பெண் கத்துவது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.